சோம்பேறிச் சீட்டு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. காதுகுத்துக்குக் கொடுத்த அதே போட்டோவைக் கண்ணீர் அஞ்சலிக்கும் கொண்டுவந்து நீட்டுவார்கள். "கொஞ்சம் கலர் ஏத்து அசோகா" என்று சொல்லாத ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. செத்துப்போனவருக்கும் கலர் ஏற்றச் சொல்வார்கள். நானும் ஏற்றுவேன். இப்படி ஊர் முகத்தையெல்லாம் வெளுத்து வெளுத்துக் கண் கெட்டுப்போன எனக்கு, ஒரு ஆளைப் பற்றி மட்டும் நல்லதாக நாலு வரி எழுதவேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் கட்டிடத்து மாடியில் டாரட் சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ரோஸ்மேரி அக்கா. அவளை நான் முழுசாக நம்பியதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ரெஜியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆனதில் அவள் வாய்க்குள் இரண்டு ஊர் குடியிருந்தது. சொந்தக்காரர்களிடம் தூத்துக்குடி பேசுவாள். கீழே இறங்கி ஷேர் ஆட்டோக்காரனிடம் பேசும்போது ராயபுரத்திலேயே பிறந்தவள் தோற்றுவிடுவாள். கொரோனா சமயத்தில் கடை மூடிக் கிடந்தபோது போனில் டாரட் கற்றுக்கொண்டாள். சீட்டுக்கட்டு கூரியரில் வந்தது. பங்குச் சாமியார் கூப்பிட்டு, "ஏம்மா, சீட்டு ஜோசியம் பாக்குறியாமே?" என்று கேட்டதற்கு, "ஜோசியம் இல்ல ஃபாதர், கவுன்சலிங்" என்று சொல்லிவிட்டாள். சாமியாருக்கும் அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. அவளுக்குப் போர்டு அடித்துக் கொடுத்தவன் நான்தான். பிறை நிலா, நெற்றிக்கண், மூலையில் வேளாங்கண்ணி மாதா. எந்தக் கட்சியும் கோபித்துக்கொள்ள முடியாது.

சீட்டுகளையும் அவள் எங்கள் ஊருக்குத் தோதாக மாற்றிக்கொண்டாள். மரணச் சீட்டை முதல் வாரமே கட்டிலிருந்து எடுத்துவிட்டாள். "பக்கத்துலயே மூலக்கொத்தளம் சுடுகாட்ட வெச்சுகினு எவடா துட்டு குடுத்து சாவ பாக்க வருவா?" என்றாள். நியாயம்தான். தேர் ஓட்டுகிற ராஜாவுக்கு ஷேர் ஆட்டோ என்று பெயர். இதயத்தில் மூன்று கத்தி குத்தியிருக்கும் சீட்டு பைபாஸ். முதுகு வளையக் கம்புக்கட்டு சுமப்பவன் ஹார்பர் லோடுமேன். இங்கிலீஷ்காரன் என்ன நினைத்து வரைந்தானோ, புளியந்தோப்பிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து வருகிற அம்மாக்களுக்கு இது பளிச்சென்று புரிந்தது.

அவள் கட்டிலேயே அதிகமாக உழைத்த சீட்டு ஒன்று உண்டு. ஒரு மரம். மரத்தடியில் ஒரு பையன் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே தரையில் மூன்று கோப்பைகள். பக்கத்தில் ஒரு மேகம், அதற்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வந்து நாலாவது கோப்பையை நீட்டும். பையன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். இதற்கு அக்கா வைத்த பெயர் சோம்பேறி. மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று எந்த அம்மா வந்தாலும், "பாத்தியா உம் புள்ளய? ஆண்டவன் கையில குடுக்குறாரு, தொரைக்கு வாங்கிக்க வலிக்குது" என்பாள். சில அம்மாக்கள் அந்தச் சீட்டைப் போனில் படம் பிடித்து அங்கிருந்தே மகனுக்கு அனுப்புவார்கள். வேலை கிடைக்காத பையன்கள் அத்தனை பேரும் அக்கா மேல் கொலைவெறியில் இருந்தார்கள்.

எங்கள் கட்டிடத்தின் சொந்தக்காரர் சுடலைராஜ் அண்ணாச்சி. எண்ணெய் மொத்த வியாபாரத்தில் ஆரம்பித்து, லாரி வாங்கி, எண்ணூர் போகிற வழியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியும் கட்டிவிட்டார். கல்லூரிக்கும் எண்ணெய்க் கடைக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. இரண்டிலும் வாசலில் அவர் படம் இருக்கும். கல்லூரிப் பேருந்தில், தண்ணீர்த் தொட்டியில், மாணவர்களின் அடையாள அட்டையின் பின்பக்கத்தில், எல்லாவற்றிலும் அண்ணாச்சி கை கட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் படத்தை எடுத்தவனும் நான்தான், தொப்பையைக் குறைத்தவனும் நான்தான். இவ்வளவு பெரிய மனிதர் அக்காவின் சீட்டு இல்லாமல் ஒன்றும் செய்யமாட்டார். போர் போடும் இடம், பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், செமஸ்டர் பரீட்சை தொடங்கும் தேதி, எல்லாம் மாடியில்தான் முடிவாகும். பிரின்சிபால் பாவம், பரீட்சை தேதி தெரியாமல் என் கடையில் வந்து விசாரித்திருக்கிறார்.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு மைதானம். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் எங்கள் ரோட்டில் எப்படி வரிசை கட்டி நிற்கும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அண்ணாச்சி அந்த வரிசையைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், வாடகைக்கு விட்டார். கிரிக்கெட் ஆடிய இடத்தில் கன்டெய்னர்கள் நின்றன. பிள்ளைகள் லேபுக்குப் போக டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து போகவேண்டும். ஒருநாள் ரிவர்ஸ் எடுத்த டிரெய்லர் இரண்டாம் வருடம் படித்த சுஹைபின் கால்மேல் ஏறிவிட்டது. பாதம் நசுங்கிப்போனது. "அவன் ஏம்லே லாரிக்குப் பின்னால நின்னான்?" என்று அண்ணாச்சி கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அனுப்பினார். ஹார்லிக்ஸ் பையிலும் அவர் படம் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மதி போய் மைதானத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் வருட வேதியியல். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுப் பெண். அம்மா கெங்கம்மாவுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில் கூட்டிப் பெருக்கும் வேலை, அக்காவிடம் சீட்டுப் பார்க்கவும் வருவாள். மைதானத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில்தான் லாரிகள் திரும்பவேண்டும். அங்கே போய்ச் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டாள். அவளோடு இருபது முப்பது பேர். கை ஓங்கினார்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, அதற்காகத்தான் கை கட்டியது என்று பிறகு சொன்னாள். ஒரே கோரிக்கை. லாரி மைதானத்தை விட்டுப் போகவேண்டும். அதையும் ஒரு அட்டையில் எழுதி மரத்தில் சாத்திவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர்கள் உட்கார்ந்த விதம்தான் அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை. ஷிப்ட் போட்டு உட்கார்ந்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா எண்ணூர், மணலிக் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யார் கற்றுத் தரவேண்டும்? கெமிஸ்ட்ரி வகுப்பு நடக்கும்போது காமர்ஸ் பிள்ளைகள் மரத்தடியில். காமர்ஸுக்கு மணி அடித்தால் கெமிஸ்ட்ரி வந்து மாற்றிவிடும். ஒருவருக்கும் வருகைப்பதிவு குறையவில்லை. ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் இன்னொருவர் எழுவார். மரத்தடி காலியாகவே இல்லை. டிரெய்லர்கள் ரோட்டிலேயே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயின.

அண்ணாச்சி போலீசைக் கூப்பிட்டார். வந்த இன்ஸ்பெக்டர் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "கோஷம் போடல, கல்லெடுக்கல, கிளாஸும் கட் அடிக்கல. நான் எதுக்குங்க புடிக்கிறது? உக்காந்ததுக்கா?" என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அதன்பின் அண்ணாச்சியே போய், "கோஷமாவது போடுங்கலே, என்னதான் வேணும் ஒங்களுக்கு?" என்று கத்தினார். மரத்தில் சாத்தியிருந்த அட்டையைப் பிள்ளைகள் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

போராட்டம் என்றால் அண்ணாச்சிக்குத் தெரிந்தது ஒரே முடிவு. பெரிய மனிதர் வருவார், பழரசம் கொடுப்பார், இவர்கள் குடிப்பார்கள், மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். ஆகவே ஒரு மதியம் போட்டோகிராபரையும் அழைத்துக்கொண்டு, தட்டு நிறைய ஆரஞ்சு ஜூஸோடு மைதானத்துக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மதியின் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. மரத்தடி முழுக்க வாசனை.

"உண்ணாவிரதத்த முடிச்சிக்கிடுங்க மக்களே" என்று அண்ணாச்சி கேமராவைப் பார்த்தபடி கோப்பையை நீட்டினார்.

மதி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "சார், நாங்க சாப்ட்டுகினு கீறோம்."

"அதனால என்ன? சாப்பிட்டு முடிச்சிட்டு முடிச்சிக்கிடுங்க."

சிரிக்காமல் இருக்க அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு! ஒருவரும் வாங்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, திரும்பக் கையைக் கட்டிக்கொண்டார்கள். வெயிலில் ஜூஸ் சூடேறியது. போட்டோகிராபருக்குக் கிடைத்தது அண்ணாச்சியின் நீட்டிய கை மட்டும்தான்.

அங்கிருந்து நேரே மாடிக்கு வந்துவிட்டார். போர்டுக்கு அளவெடுக்க நானும் அப்போது அக்கா அறையில்தான் இருந்தேன். வேர்த்து விறுவிறுத்து நாற்காலியில் விழுந்து, "ரோசு, ஒரு சீட்டு எடு. இந்தப் பயலுவள என்ன செய்ய?" என்றார். அக்கா கட்டைக் கலைத்து, விரித்து, ஒன்றை எடுக்கச் சொன்னாள். அவர் கைக்கு வந்தது சோம்பேறிச் சீட்டு.

யோசித்தாளா என்றால், இல்லை. பழகிய வாய். "பாத்தீங்களா அண்ணாச்சி, குடுக்குற கையத் தட்டுற சோம்பேறிப் பயலுவ. இதுக்கு அர்த்தமே அதான். வாங்கிக்கிடலன்னா நாசமாப் போவானுவ" என்றாள். எத்தனையோ அம்மாக்களிடம் சொன்னதை அப்படியே தூத்துக்குடிக்கு மாற்றிச் சொன்னாள், அவ்வளவுதான்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. சீட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரம், உட்கார்ந்த பையன், நீட்டிய கை. மதியம் நடந்தது அப்படியே படமாக இருக்கிறதே! தெய்வமே தன் கட்சியில் சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்தார். "லே அசோகா, இத அப்படியே பெருசா அடி. காலேஜ் வாசல்ல கட்டணும். நீட்டிய கரத்தைத் தட்டாதே, சோம்பலே அழிவு, அப்படின்னு எழுது. ஓரத்துல எம் படம் போடு." எனக்கு அப்போதே விஷயம் கொஞ்சம் பொறி தட்டியது. ஆனால் வாடிக்கையாளர் கொடுக்கும் படத்தின் அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் பிளெக்ஸ் கடை நடத்த முடியாது. அடித்துக் கொடுத்தேன். வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

காலையில் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். அப்புறம் மதி சத்தமாகச் சிரித்தாள். "டேய், இது நம்ம மரம்டா! நாமதான்டா இது!" அண்ணாச்சி செலவில், அண்ணாச்சி வாசலில், ஆள் உயரத்துக்கு மேல் அவர்கள் படம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தன் ஓரத்தில் கை கட்டி நின்ற அண்ணாச்சி படத்தைக் காட்டி, "கரஸ்பாண்டன்டும் நம்ம ஷிப்ட்டுதான் போலகீது" என்றான். அதுவரை வாய் திறக்காமல் இருந்த கூட்டம் விழுந்து புரண்டு சிரித்தது. மதி ஒரு பெஞ்சைப் போட்டு ஏறி, மார்க்கர் பேனாவால் தரையிலிருந்த மூன்று கோப்பைகளிலும் எழுதினாள். இன்னொரு பஸ், பாத்ரூமில் தண்ணி, கேன்டீன். அவள் சேர்ந்த முதல் வருடத்திலிருந்து நிர்வாகம் தருவதாகச் சொல்லி இதுவரை தராதவை. நீட்டிய நாலாவது கோப்பையில் 'ஜூஸ்' என்று எழுதிவிட்டு இறங்கினாள்.

அந்தப் போட்டோ மத்தியானத்துக்குள் எம்.கே.பி. நகரில் என் வீட்டுக்கே வந்துவிட்டது. என் பெண்டாட்டி அனுப்பினாள். டாரட் என்றால் என்னவென்றே தெரியாதவர்களெல்லாம் கை கட்டி மரத்தடியில் உட்கார்ந்த பையனை டி.பி.யாக வைத்துக்கொண்டார்கள். வேறு கல்லூரிப் பிள்ளைகளும் தங்கள் மூன்று கோப்பையில் தங்கள் குறையை எழுதிக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோ முதுகிலும் ராயபுரம் ரயில்வே சுவரிலும் அவன் வந்து உட்கார்ந்தான். ஸ்டிக்கர் கேட்டு என்னிடமே வந்தார்கள். அடித்துக் கொடுத்தேன். நான் யாருக்கும் விரோதி இல்லை. அன்று மாலையே அண்ணாச்சி ஆள் விட்டு, ஊரில் கை கட்டி நிற்கும் தன் படங்களையெல்லாம் இறக்கிவிட்டு, கும்பிடுகிற மாதிரி புதிதாக அடிக்கச் சொன்னார். அதையும் நான்தான் அடித்தேன்.

வாசல் பிளெக்ஸைக் கிழித்துப் போட்டதும் பிள்ளைகள் மைதானத்துத் தரையில் சாக்பீஸால் அதையே வரைந்தார்கள். அண்ணாச்சிக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் போலீசுக்குப் பயப்படவில்லை, அம்மாக்களுக்குப் பயப்படுவார்கள். அம்மாக்களோ ரோஸ்மேரி வாக்கைத் தட்டமாட்டார்கள். பெற்றோர் கூட்டம் போட்டு, உள்ளூர் கேபிள் டிவியை வரவழைத்து, அந்த மேடையில் அக்கா சீட்டுக்கு உண்மையான அர்த்தத்தைச் சொல்லிவிட்டால், அம்மாக்களே பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மரத்தடி காலியாகும். லாரி உள்ளே வரும். வாசலில் கட்டிய அதே படத்தைத் திரும்ப என்னிடம் அடித்துக்கொண்டார், இந்தத் தடவை மேடைக்கு.

மாடியில் அவர் பேசியது படிக்கட்டு வரை கேட்டது. "நான் இல்லாததச் சொல்லச் சொல்லல ரோசு. நீ எங்கிட்ட சொன்னத அவளுவகிட்டயும் சொல்லு. சொல்லலன்னா வேற ரூமு பாத்துக்க. இந்தப் பக்கம் எவனும் ஒனக்கு ரூமு தரமாட்டான், அதையும் பாத்துக்கிடுதேன்."

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள் அக்கா.

அவர் போனதும் மேலே ஏறினேன். "இன்னாக்கா, சொல்லிடுவியா?"

"சொல்லாம? அது சோம்பேறிச் சீட்டுதான்டா. பொஸ்தகத்துலயே அப்டித்தான் கீது." சீட்டுகளை எடுத்து அடுக்கினாள், திரும்பக் கலைத்தாள். "இந்த ரூமு போச்சுன்னா நான் மறுபடி ரெஜி கடையில போயி குந்தணும். இங்க நாலு பேரு என்னியத் தேடி வராங்கடா அசோகா. அங்க பருப்பத் தேடித்தான் வருவாங்க." அக்கா மேல் எனக்கு அன்று கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கூட்டத்துக்கு அம்மாக்கள் அரை நாள் லீவு போட்டு, அந்த எரிச்சலோடு வந்திருந்தார்கள். மேடையில் பெரிய சோம்பேறிச் சீட்டு. கேமரா. தட்டில் ஆரஞ்சு ஜூஸ் தயாராக இருந்தது. அண்ணாச்சி அதை மட்டும் விடமாட்டார். எதிரே மரத்தடியில் பிள்ளைகள் கை கட்டியபடி. அக்கா கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையில் வந்து மைக்கைப் பிடித்தாள்.

"தாய்மாருங்களே, உங்க எல்லாருக்கும் என்னியத் தெரியும். இந்தச் சீட்டையும் தெரியும். இது சோம்பேறிச் சீட்டு. குடுக்குறத வாங்கிக்காதவன் சீட்டு..."

போதும். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "ஏய், எழுந்து வாடி! அக்காவே சொல்லிச்சி!" என்று கத்தினாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். மரத்தடியில் ஒரு பெண்ணின் கை அவிழ்ந்தது. பக்கத்தில் ஒரு பையன் முட்டி போட்டு எழுந்திருக்கப் பார்த்தான். அண்ணாச்சி ஜூஸ் தட்டைத் தூக்கச் சொல்லி ஜாடை காட்டினார். முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கெங்கம்மா எழுந்து மேடைக்கு முன்னால் வந்தாள். வேலைக்குப் போகிற நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"யக்கா, ஒண்ணு கேக்குறேன். சீட்டுல குந்திகினு கீறவன் சோம்பேறியாவே இருக்கட்டும். அவன எனக்குத் தெரியாது. அத்தோ குந்திகினு கீறாளே, அவள ஒனக்குத் தெரியும். வெடிகாலையில எழுந்து தண்ணி புடிச்சி மூணு மாடி ஏத்துறா. காலேஜ் முடிஞ்சா மெடிக்கல் ஷாப்புக்குப் போறா. வந்து படிக்கிறா. சீட்ட பாத்துச் சொல்லாத. எம் பொண்ணப் பாத்துச் சொல்லு. அவ சோம்பேறியா?"

அக்கா மதியைப் பார்த்தாள். மதி கை கட்டியபடி அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் கொய்யென்று இரைந்தது. "சொல்லு ரோசு, சொல்லு" என்று அண்ணாச்சி கீழ்க்குரலில் உந்தினார்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அந்தப் பெரிய படத்தை அண்ணாந்து பார்த்தாள். கையகலச் சீட்டாகவே பார்த்தவள் அவ்வளவு பெரிதாக அதை அன்றுதான் நின்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். கேமராக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒருவழியாகத் திரும்பினாள்.

"இல்லக்கா. அவ சோம்பேறி இல்ல" என்றாள். அண்ணாச்சி பக்கத்தில் நிற்கும்போது அவள் ராயபுரம் பேசி நான் கேட்டதே இல்லை. "இவனும் சோம்பேறி இல்லன்னு இப்பதான் தோணுது. இத்தினி வருசமா இந்தப் பையன மட்டும்தான் பாத்துகினு இருந்தேன், எல்லாரும் அவனத் திட்டிகினு இருந்தோம். குடுக்குறவன யாரும் பாக்கல. நல்லா பாருங்க. கை மட்டும்தான் வருது. மூஞ்சி இல்ல. பொகைக்குள்ள ஒளிஞ்சிகினு ஒருத்தன் கைய மட்டும் நீட்டுறான். அதுல இன்னா கீதுன்னு அவனுக்குத்தான் தெரியும். மூஞ்சியக் காட்டாதவன் குடுக்குறத எம் புள்ள வாங்கலன்னா, அவன் சோம்பேறி இல்ல. வெவரமானவன். அடிக்கல, தட்டி விடல, ஒரு வார்த்த பேசல. வேணாம்னு குந்திகினு கீறான். அவ்ளோதான். இந்தச் சீட்டுக்கு இனிமே எனக்கு அதான் அர்த்தம்."

மைக்கை மேசையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். அண்ணாச்சி நிற்பதை மறந்து நான் கை தட்டிவிட்டேன். பிளெக்ஸ் கடைக்காரனுக்கு ஆகாத காரியம்.

கெங்கம்மா போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை கட்டத் தெரியவில்லை, மதி சரிசெய்துவிட்டாள். கத்திய அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். டியூட்டிக்குப் போகவேண்டியவர்கள், "சாயங்காலம் நாஷ்டா எடுத்தாறேன், எழுந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேபிள் டிவிக்காரன் நாணயமானவன், எதையும் வெட்டாமல் போட்டான்.

மரத்தடி அதற்கப்புறமும் காலியாகவில்லை, அந்த மாதம் முடிவதற்குள் மைதானத்திலிருந்து கடைசிக் கன்டெய்னரும் போய்விட்டது. 'மாணவர் நலன் கருதி நிர்வாகம் வழங்கும் விளையாட்டு மைதானம்' என்று அண்ணாச்சி கும்பிடுகிற பிளெக்ஸ் வந்தது. யார் அடித்தது என்று கேட்காதீர்கள். சுஹைப் ஊன்றுகோலோடு வந்து எல்லைக்கோட்டில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்கிறான். மதி மேற்படிப்புக்குப் போய்விட்டாள்.

அக்கா அறையைக் காலி செய்தாள். எம்.கே.பி. நகரில் ஒரு பியூட்டி பார்லருக்குப் பின்னால் நானே இடம் பிடித்துக் கொடுத்தேன். ஆனால் ஆள் வரவில்லை. அதற்கு அண்ணாச்சி காரணமில்லை. அவர் மிரட்டியதில் பாதி சும்மா பேச்சு. அம்மாக்கள் வழியில் பார்த்தால் நின்று கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள், மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்கள், சீட்டுப் பார்க்க மட்டும் உட்காரவில்லை. ஏன் யாரும் வருவதில்லை என்று அக்கா கெங்கம்மாவிடம் கேட்டே விட்டாள். "சீட்டுல ஒண்ணியும் இல்ல, புள்ளையப் பாத்தா போதும்னு நீயேதானேக்கா ஒத்துக்கினே?" என்று அவள் அன்பாகச் சொன்னாள். தன் வாயாலேயே தன் தொழிலை முடித்துக்கொண்ட ஆள் வடசென்னையில் அக்கா ஒருத்திதான் இருப்பாள். கடைசியில் ராயபுரத்தில் ரெஜி கடைக்கே போய் உட்கார்ந்தாள்.

போன வாரம் கடைக்குப் புதுப் பலகை மாட்டப் போயிருந்தேன். அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. தனியாக இறங்கி வந்தார். அக்கா துவரம்பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரோசு, ஒரு சீட்டு எடுத்துப் பாரேன். எஞ்சினியரிங் காலேஜ் ஒண்ணு தொடங்கலாம்னு இருக்கேன்."

ரெஜி வாயைப் பிளந்தார். எனக்கும் ஏணியிலிருந்து கால் வழுக்கியது. அண்ணாச்சி வெகு சாதாரணமாகச் சொன்னார்: "நீ அன்னைக்குச் சொன்னது பலிச்சிட்டுல்லா? எனக்கு எதிரா சொன்னாலும் பலிச்சிட்டு, அந்தப் பயலுவதான ஜெயிச்சானுவ. ஒன்னத் தவிர எவ வாக்கும் எனக்கு நம்பிக்கை இல்ல." ஊருக்கெல்லாம் நம்பிக்கை போன பிறகு அவளை நம்புகிற ஒரே ஆள் அவர்தான்.

"சீட்டு வீட்டுல கெடக்கு அண்ணாச்சி. நான் இப்ப பாக்குறதில்ல."

அவர் போகவில்லை. பருப்பை ஒரு பிடி அள்ளி, பார்த்துவிட்டு, திரும்பப் போட்டார். "ஒண்ணு கேக்கணும்னே வந்தேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அந்தக் கைக்கு மூஞ்சி இல்லன்னு அத்தன பேரு முன்னால சொன்னியே. திருவொத்தியூர்ல எம் மூஞ்சி இல்லாத செவரு உண்டா? இத்தன வருசம் ஒனக்கு எதிர்த்தாப்ல உக்காந்திருக்கேன். எம் மூஞ்சி ஒனக்குத் தெரியாதா ரோசு?"

அந்த ஆளுக்குக் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, நான் மேலிருந்து பார்த்தேன்.

அக்கா கையில் ஒட்டிய பருப்புத்தூளைத் தட்டிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும் அண்ணாச்சி. தெரிஞ்சதாலதான் கைய மட்டும் சொல்லி நிறுத்திக்கிட்டேன்."

அவர் எதுவும் வாங்காமல் காருக்குப் போனார்.